கரையில் விடும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர ஊர்களில் வாய்க்கால், குளக் கரைகளை உயர்த்தும் பணி பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். மண் எங்கே வெட்டுகிறார்கள், கரை எத்தனை அடி என்றெல்லாம் இருந்தது. மண்ணை நனைத்து ரோலர் ஓட்டுகிறார்களே, அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. வேதாரண்யம் பக்கம் கோடையில் நல்ல தண்ணீருக்கு நாங்களே அலைகிறோம். தண்ணி லாரிகள் உப்பாற்றில் மோட்டார் வைத்து நிரப்பிக்கொண்டு போகின்றன. மண் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

களிமண் துகள்களைச் சுற்றி ஒரு நீர்ப்படலம் இருக்கும். உப்பு சேர்ந்தால் அது சுருங்கித் துகள்கள் திரண்டுவிடும், மண்ணின் பசை குறையும். பசை அதிகமுள்ள கொழுத்த களிமண் என்றால் பெரும்பாலும் குறைந்த ஈரத்திலேயே இறுகி, அடர்த்தியும் கூடுதலாகக் காட்டும். ஆனால் எந்த ஈரத்தில் மண் அதிகபட்சம் எவ்வளவு இறுகும் என்று பார்க்கும் புராக்டர் சோதனையை ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில்தான் செய்கிறோம். அதில் கிடைத்த அடர்த்தியில் 95 சதவீதம் வந்தால் கரை தேறிவிடும். களத்தில் விட்டது உப்புத் தண்ணீர் என்றால் அந்த 95-க்கு என்ன மதிப்பு? அரைகுறையாக இறுகிய கரையும் பாஸாகிவிடும்.

மழைக்காலத்தில்தான் பெரிய ஆபத்து. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. காய்ந்த மண் 100 கிலோவுக்கு அதை 18 லிட்டர் விட்டால் 600 கிராமுக்கு மேல் உப்பு கரைக்குள் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவிவிடும். உப்பிலிருந்து வந்து களிமண்ணில் ஒட்டிக்கொண்ட சோடியம் அங்கேயே தங்கும். அதற்கப்புறம் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, தண்ணீரில் பால்போலக் கலங்கும். வெடிப்பு, நண்டுவளை என்று கிடைத்த வழியில் நீர் புகுந்து உள்ளேயே அரிக்கும். வெளியே கரை முழுசாகத் தெரியும், அதுதான் பயம். 2004 சுனாமிக்குப் பிறகு வயல்களுக்கு ஜிப்சம் போடச் சொன்னதும் இந்தச் சோடியத்தை வெளியேற்றத்தான்.

தண்ணீரின் உப்பளவை மீட்டர் வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். களத்தில் விடும் அதே தண்ணீரில் புராக்டர் சோதனையையும் செய்ய வேண்டும். இறுகிய மண்ணில் வேர்க்கடலை அளவு கட்டியைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டுக் கலங்குகிறதா என்று பார்க்கலாம். கலங்காவிட்டாலும் உடனே நம்பக் கூடாது. மண்ணில் மிச்சமிருக்கும் உப்பு கலங்கலை மறைத்துவிடும்.

தண்ணீர் எங்கே எடுத்தது, உப்பு எவ்வளவு என்பதை எம் புக்கில் (வேலையின் அளவுகளைக் குறிக்கும் பதிவேட்டில்) எழுதாமல் பில் பாஸ் செய்யக் கூடாது என்று நீர்வளத் துறை உத்தரவிட வேண்டும். இந்தக் கோடை வேலை தொடங்குவதற்குள் அது வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் ஆய்வக உதவியாளர்,
வேதாரண்யம்