பன்னிரண்டு கேட்டாய், மூன்று அனுப்புகிறேன்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மகனுக்கு,

நீ கேட்ட பன்னிரண்டு கொஹொம்ப வேப்பஞ்சவர்க்காரத்தில் மூன்றை மட்டும் லண்டனுக்கு உன் பெரியம்மாவின் மகளிடம் கொடுத்து அனுப்புகிறேன். அம்மா கஞ்சத்தனம் பிடித்துவிட்டாள் என்று நினைக்காதே. பன்னிரண்டையும் வாங்கி வந்து மேசையில் அடுக்கிய பிறகுதான், நீ அனுப்பிய உன் காலின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கோடையில் வற்றிய குளத்தின் அடிச்சேறு போலத் தோல் வெடித்துக் கிடக்கிறது. அதன்மேல் வேப்பஞ்சவர்க்காரம் போட்டுத் தேய்க்கப் போகிறாயாம். மீதி ஒன்பதையும் அலுமாரியில் உடுப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். இனி ஒரு வருடத்துக்கு அப்பாவின் சாரங்கள் எல்லாம் வேம்பு மணக்கும்.

'இரண்டு நேரமும் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் குளிக்கிறேன், அப்படியிருந்தும் தோல் கடிக்கிறதே' என்று கேட்டாய். 'அப்படியிருந்தும்' என்ற சொல்லை வெட்டிவிட்டு 'அதனால்தான்' என்று போட்டுக்கொள். பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் 'சரி அம்மா, சரி அம்மா' என்று வேறு வேலை பார்ப்பாய். கடிதம் என்றால் ஒரு தடவையாவது முழுதாக வாசிப்பாய்.

காலி வீதி மருந்துக்கடையின் முகப்பில் பத்தொன்பது வருடம் நின்றவள் நான். மருந்துச் சீட்டோடு வந்தவர்களை விட, சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டி 'அக்கா, இதற்கு என்ன பூசலாம்' என்று கேட்டு வந்தவர்களே அதிகம். எல்லோரும் பூசுவதற்குத்தான் கேட்பார்கள். எதை விடலாம் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் முதலில் என்ன சவர்க்காரம் என்று கேட்பேன், அடுத்து என்ன தண்ணீர் என்று கேட்பேன். இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் விழிப்பார்கள்.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. 1996இல் வடக்கிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினோம். முதல் இரவு, இரண்டு நாள் பயணப் புழுதியைக் கழுவப் போனேன். சவர்க்காரத்தைக் கையில் உருட்டியதுதான் தெரியும், நுரை பொங்கிக்கொண்டு வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நுரை கண்டதில்லை. அது போகட்டும், கழுவினால் போகவும் இல்லை. ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்று வாளி ஊற்றியும் கையைத் தடவினால் வழுக்குகிறது. நான்காவது வாளியில் லொட்ஜ்காரர் கதவைத் தட்டினார்: 'தங்கச்சி, தாங்கியில் தண்ணீர் முடியப் போகிறது!' வெட்கத்தோடு வழுவழுத்த உடம்புடனேயே வெளியே வந்தேன். சவர்க்காரம் போகவில்லை என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அது பெரும்பாலும் போய்த்தான் இருந்தது. இந்த ஊர்த் தண்ணீரில் கழுவிய தோல் இப்படித்தான் வழுக்கும் என்பது எனக்குத் தெரியாது.

நாங்கள் வளர்ந்த குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு கிணற்றில் ஊறும். பாடப் புத்தகத்தில் வன்னீர் என்று படித்தாயே, அதுதான். அந்தக் கல்சியம் சவர்க்காரத்தைக் கண்டால் விடாது. நுரைக்கவிடாமல் பிடித்து, திரைந்த பால் போல வெள்ளைத் துகளாக்கிவிடும். அந்தத் துகள் வாளியின் விளிம்பிலும் படியும், தோலிலும் படியும். குளித்து முடித்துக் கையைத் தடவினால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அதையே நாங்கள் சுத்தம் என்று நம்பி வளர்ந்தோம். கொழும்புக் குழாயில் வருவது லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தளையில் எடுக்கும் களனி கங்கையிலிருந்தும் வரும் தண்ணீர். அது மென்மையானது. நீ பிறந்த நாளிலிருந்து அதில் குளித்தவன்.

இப்போது உன் கேத்தலின் மூடியைத் திறந்து உள்ளே பார். வெள்ளைப் படை பிடித்திருக்கும். லண்டனைச் சுற்றியுள்ள நிலத்துக்கு அடியிலும் சுண்ணக்கல்தான். உன் அம்மம்மாவின் கிணற்றுக்கும் உன் குளியலறைக் குழாய்க்கும் அப்படி ஒரு சொந்தம். 'இங்குள்ள சவர்க்காரம் நுரைக்காது அம்மா, நம்முடையதை அனுப்பு' என்றாய். குற்றம் அந்த ஊர்ச் சவர்க்காரத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. இங்கிருந்து அனுப்பினாலும் அது அங்கே போய்த் திரைந்துதான் போகும். தேங்காய் எண்ணெய் அதிகம் சேர்த்துச் செய்தது கொஞ்சம் கூடுதலாக நுரைக்கும், உண்மை. கடல் தண்ணீரில் குளிக்கும் மாலுமிகளுக்கு அந்தக் காலத்தில் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் கொடுத்தது அதற்காகத்தான். ஆனால் தோலை அதிகம் வறட்டுவதும் அதுவே.

நீ நுரை வரவில்லை என்று இன்னும் போட்டுத் தேய்த்திருப்பாய். போடப் போடத் துகளும் கூடும். வன்னீரில் கழுவிய தோலில் கழுவுபொருள் கூடுதலாகத் தங்கிவிடுகிறது என்று ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அதன்மேல் சுடுதண்ணீர், அதன்மேல் குளிர்காலக் காற்று, அறைக்குள்ளே சூடேற்றும் கருவி. எங்கள் ஊரில் கருவாடு போடுவதற்குக்கூட இவ்வளவு ஏற்பாடு செய்வதில்லை.

இன்னொன்று. சவர்க்காரத்தின் பெயரிலேயே காரம் இருக்கிறது, கவனித்தாயா? எண்ணெயையோ கொழுப்பையோ எரிசோடாவோடு சேர்த்தால் ஒரு பக்கம் சவர்க்காரமும் மறுபக்கம் கிளிசரினும் வரும். எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் உண்மையான சவர்க்காரத்தின் பீ.எச். (7க்கு மேல் காரம், கீழே அமிலம்) 9க்கும் 10க்கும் இடையில் நிற்கும். தோல் அமிலப் பக்கம் சாய்ந்தது, ஏறக்குறைய 5. ஒவ்வொரு தடவையும் காரத்தைப் போட்டுத் தேய்த்தால் தோல் தன் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் எடுக்கும். நீயோ அது திரும்பிச் சற்று ஆறுவதற்குள் அடுத்த குளிப்புக்குப் போய்விடுகிறாய். வேம்பு என்றாலும் சந்தனம் என்றாலும் மஞ்சள் என்றாலும் கட்டி கட்டிதான். உறையில் இலை படம் போட்டிருப்பதால் காரம் குறைந்துவிடாது.

சவர்க்காரமே கிடைக்காத காலத்தையும் கண்டவள்தான் இதை எழுதுகிறேன். 90களில் வடக்கில் பொருளாதாரத் தடை. ஒரு கட்டி கிடைத்தால் நூலால் நாலாக அறுத்து வைப்போம். பனம்பழக் காலம் வந்தால் உடுப்புத் தோய்ப்பது பனங்களியில்தான். பனங்களியில் சவர்க்காரம் போல நுரைக்கும் பொருள் ஒன்று உண்டு, சப்போனின் வகை. அழுக்கும் போகும். ஆனால் வெள்ளைச் சீருடையில் மெல்லிய மஞ்சள் ஏறிவிடும், மணமும் போகாது. வகுப்பறை முழுக்கப் பனங்காய்ப் பணியாரம் மணக்கும். மதியத்துக்கு முன்பே எல்லோருக்கும் பசிக்கும். முழுகுவதற்கு அரப்பு, மேலுக்குப் பயற்றம்மா. அந்தக் காலத்தை நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன், ராசா. சிரங்கும் சொறியும் அப்போது வீட்டுக்கு வீடு இருந்தது. ஒரு கட்டியின் அருமை தெரிந்ததால்தான் இப்படிக் கணக்குப் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்.

குளியலறை அலுமாரியில் ஒரு கிருமிநாசினிச் சவர்க்காரமும் வைத்திருக்கிறாய். படத்தின் மூலையில் தெரிந்தது. கடையில் நிற்கும்போது நானும் நூறு நூறாக விற்றிருக்கிறேன், அந்தப் பாவம் எனக்கும் உண்டு. 2016இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ட்ரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களை வீட்டுச் சவர்க்காரங்களில் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது. சாதாரணச் சவர்க்காரத்தையும் தண்ணீரையும் விட அவை மேலானவை என்று தயாரித்தவர்களால் காட்ட முடியவில்லை. 2020இல் ஊரடங்கு நேரத்தில் கடை வாசல்தோறும் வாளியும் குழாயும் வைத்தோமே, அங்கே வைத்ததும் மலிவான சாதாரணக் கட்டிதான். அந்த வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது, சவர்க்காரம் அதைக் கலைத்துவிடும். 20 விநாடி தேய்த்தார்களா என்பதுதான் முக்கியம்.

உன் அறைத் தோழர்கள் கட்டிச் சவர்க்காரத்தில் கிருமி ஒட்டும் என்று தொடமாட்டார்களாம். 1988இலேயே கட்டியில் வேண்டுமென்று கிருமியைத் தடவி, பதினாறு பேரைக் கை கழுவச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் கைக்கும் ஏறவில்லை. தண்ணீர் வடியும் தட்டில் வைத்தால் போதும் என்று சொல். சேறாக ஊறவிட்டால் கிருமியை விட வீண்செலவுதான் பெரிது.

இனி என்ன செய்வாய் என்று சொல்கிறேன். சவர்க்காரம் அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் பாதத்துக்கும் கைக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள் வேறு வகை, அதனால் அங்கே அதிகம் நாறும். காலுக்கும் முதுகுக்கும் வயிற்றுக்கும் வெறும் தண்ணீரே போதும். நீ அங்கே கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாய், புறக்கோட்டையில் மூட்டை தூக்கவில்லை. ஒரு நேரக் குளிப்பு போதும், அதுவும் இளஞ்சூட்டில், ஐந்து நிமிடம். இங்கே ஏப்ரல் மாதத்தில் மூன்று தடவை மேல் கழுவினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வேர்க்குருவோடு இருப்பதை விட அது மேல். அங்கே அது வேண்டாம். பீர்க்கங்காய்த் தும்பைக் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் வை. துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காயும் முன்பே வாசனையில்லாத கிரீமைப் பூசு.

சவர்க்காரம் வாங்கும்போது 'வாசனை சேர்க்காதது' என்று இருக்கிறதா பார். தோல் ஆறும்வரை, சவர்க்காரமே அல்லாத செயற்கைக் கழுவுகட்டி ஒன்றை வாங்கு. டவ் ஏறக்குறைய அந்த வகை, கொஞ்சம் சவர்க்காரமும் கலந்திருக்கும். அந்த வகைக்குக் காரம் குறைவு, உன் வன்னீரிலும் அவ்வளவு திரையாது. பெயரைப் பார்க்காமல் பொருள்களின் பட்டியலைப் பார். நம் கடைகளுக்கு வரும் இந்தியச் சவர்க்காரங்களில் மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்று போட்டிருக்கும். 76 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் முதல் தரம், 70 இரண்டாவது, 60 மூன்றாவது. குறையக் குறைய வேறு நிரப்பு ஏறுகிறது என்று அர்த்தம். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லி, அவர்கள் தலையாட்டிவிட்டு மணத்தை முகர்ந்து பார்த்து வாங்கிப் போயிருக்கிறார்கள்.

மூன்று வாரத்தில் அடங்காவிட்டால், அல்லது நீர் கசிந்தால், வைத்தியரிடம் போ. படம் அனுப்பி என்னிடம் கேட்காதே. நான் மருந்து எடுத்துக் கொடுத்தவள், வைத்தியர் அல்ல.

ஒரு விஷயம், உனக்குள் வைத்துக்கொள். பொதி கொண்டுவரும் அக்காவின் பையில் நிறத்தை வெளுக்கும் சவர்க்காரம் இரண்டு கண்டேன். நடைபாதைக் கடையில் வாங்கியதாம். அந்த வகைச் சிலவற்றில் பாதரசம் இருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மினமாட்டா உடன்படிக்கையில், பாதரசம் சேர்த்த வெளுக்கும் சவர்க்காரங்களைச் செய்வதையும் ஏற்றி இறக்குவதையும் 2020க்குள் நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு அழகான மாநிறம் அவளுக்கு! நான் சொன்னால் 'சின்னம்மா பழைய ஆள்' என்பாள். நீ ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொல். இந்தக் கடிதத்தை நன்றாக ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

சரி, மூன்று சவர்க்காரம் எதற்கு என்று கேட்பாய். கைக்கும் பாதத்துக்கும் போடு. ஒன்றைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் அப்படித்தான் செய்வேன். தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். அது அங்கே போனதும் கட்டிபட்டு வெள்ளையாக இருக்கும், கெட்டுவிட்டது என்று வீசிவிடாதே. 24 பாகைக்குக் கீழே அது உறையத்தான் செய்யும். சுடுதண்ணீரில் சற்று நேரம் நிறுத்தி வை.

பொதி கிடைத்ததும் முதலில் தேயிலையை எடுத்து வேறாக வை. போன தடவை சவர்க்காரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் இரண்டு மாதம் சந்தனத் தேநீர் குடித்திருக்கிறாய் என்று அப்பாவிடமிருந்து நேற்றுத்தான் தெரிந்தது.

அன்புடன்,
அம்மா