சைக்கிள் பாதைத் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கு

அன்பான அங்கத்தவர்களே,

கோயில் வடக்கு வீதியிலிருந்து பிரதான வீதிச் சந்தி வரையான சைக்கிள் பாதை வேலை முடிந்துவிட்டது. கணக்கைச் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், பற்றுச்சீட்டுகளையும் வந்து பார்க்கலாம். செலவு ஏன் கூடியது என்று பலர் கேட்டபடியால் அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் வெள்ளைக்கோடு மட்டும் போடுவதாக இருந்தது. போட்டும் பார்த்தோம். ஒரு கிழமைக்குள் கோட்டுக்குள்ளே ஓட்டோவும் வானும் வந்து நின்றுவிட்டன, ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு பஸ் ஓடுகிற பக்கம் இறங்கினார்கள், நிற்கிற வானின் கதவு திடீரென்று திறந்தால் நேரே கைபிடியில்தான் அடிக்கும். சரி, பாதையை வீதியிலிருந்து பிரிக்கிற கட்டு வைத்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தோம். மாரி வெள்ளம் ஓட இடையிடையே வாய் விட்டிருக்கிறோம், தேர் வருகிற துண்டில் மட்டும் கழற்றி எடுக்கக்கூடிய கம்பங்கள்.

கட்டைவிடப் பெரிய வேலை சந்தியில்தான். நேரே போகிற சைக்கிளை முந்திவந்து இடப்பக்கம் திரும்புகிற லொறிதான் ஆளைக் கொல்வது. மூலை அகலமாக வளைந்திருந்ததால் யாரும் வேகம் குறைக்காமலே திரும்பினார்கள். இப்போது மூலையை ஒடுக்கி, பாதை குறுக்கிடும் இடத்தை மேடாக உயர்த்தியிருக்கிறோம், வாகனம் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். மூலை வீட்டுக்காரர் தன் கிளுவை வேலியை இடுப்பளவுக்கு வெட்டித் தந்தார். அந்த உதவியை நாங்கள் மறக்கமாட்டோம்.

அப்புறம் வாய்க்கால் மூடி. பழைய மூடியில் கம்பிகள் வீதி போகிற திசைக்கே இருந்தன, ஒல்லிச் சில்லு அந்த நீக்கலுக்குள் இறங்கி ஒரு பிள்ளை முகம் குப்புற விழுந்ததை எங்களில் இருவர் நேரில் கண்டோம். இப்போது கம்பிகள் குறுக்கே ஓடுகின்றன.

தொண்ணூறுகளின் எரிபொருள் தடையிலும் 2022 பெற்றோல் தட்டுப்பாட்டிலும் யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடியது, ஆனால் அப்போது வீதியில் வாகனம் குறைவு. நெதர்லாந்தில் 1971இல் மட்டும் 400க்கு மேற்பட்ட பிள்ளைகள் வீதி விபத்துகளில் இறந்தார்கள். அங்கே பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடிய பிறகுதான் வீதிகளின் அமைப்பே மாறத் தொடங்கியது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளையைக்கூடப் பறிகொடுக்காமல் இதைச் செய்து முடிக்கவேண்டும் என்றுதான் அவசரப்பட்டோம்.

பாதையில் மண் படிந்தால் சில்லு சறுக்கும். சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கூட்டப் போகிறோம், வருகிறவர்கள் தும்புத்தடி கொண்டு வாருங்கள்.

திருப்பணிக் குழு