கடைசியாக வந்தவன் எழுதும் நன்றி

ஜல்லிச் சாலைகளில் சைக்கிள் ஓட்டும் நான்கு நாள் கிராவல் பந்தயம் முடிந்து இன்றோடு ஒரு வாரம். இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடித்தவர்கள் பட்டியலில் என் பெயர் கடைசி. அங்கே அது இருப்பதே உங்களால்தான்.

மெக்கானிக் அண்ணன், இரண்டாம் நாள் மாலை என் வண்டியைப் பார்த்ததும் சிரித்தீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி. மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட காட்டுச் சாலை அது. முட்டை அளவில் ஜல்லி. இறக்கத்தில் விழுந்ததில் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. வண்டியே போச்சு என்று நான் நிற்க, "ஃபிரேம் உடையக் கூடாதுன்னுதான் இதை மெலிசா பண்றாங்க தம்பி, அது வேலையை அது பார்த்திருக்கு" என்றீர்கள். வீல் ரிம்மைச் சுற்றி நாலு பக்கமும் இடைவெளியை அளந்து அளந்து அதை நிமிர்த்த அரை மணி நேரம் ஆனது. அப்புறம் பிரேக்கைப் பார்த்தீர்கள். ஈர மணலில் ரெசின் பேடு (பிசின் கலந்த மென்மையான பிரேக் கட்டை) சோப்பு மாதிரி கரைந்து, இரும்புத் தகடு வெளியே தெரிந்தது. உங்கள் பெட்டியிலிருந்தே உலோகப் பேடு எடுத்து மாட்டினீர்கள். கடைசியாக டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, "45 மி.மீ. டயர்ல பாறை மாதிரி காத்தடிச்சு வெச்சிருக்கே, கை மரக்காம என்ன செய்யும்?" என்று பாதிக் காற்றை இறக்கிவிட்டீர்கள். முதல் நாளே உங்களிடம் வந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள். காட்டுக்குள் இருக்கிறவரை மழை பெரிதாகத் தெரியவில்லை. மரங்கள் முடிந்து மேட்டுவெளி ஆரம்பித்ததும் காற்று முகத்தில் அறைந்தது. ஒதுங்க ஒரு புதர்கூட இடுப்பு உயரத்துக்கு இல்லை. அங்கே தரை முழுக்க பீட், செடிகள் முழுதாக மக்காமல் சேர்ந்த சதுப்பு மண். அது ஆண்டுக்குச் சுமார் 1 மி.மீ.தான் சேருமாம். என் முன்சக்கரம் அச்சு வரை இறங்கியது. கணக்குப்படி முந்நூறு வருடத்துக்கு மேல், ஒரே நொடியில்.

சோதனைச் சாவடி அக்கா, அங்கிருந்து நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைவிட, ஜாக்கெட் ஜிப்பைத் திறக்க முடியாமல் நான் தடவிக்கொண்டிருந்ததை நீங்கள் கவனித்ததுதான் முக்கியம். ஒன்றும் கேட்காமல் ஈர உடையை மாற்ற வைத்து, போர்வை சுற்றி, சர்க்கரை போட்டுச் சூடாகக் குடிக்கக் கொடுத்தீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் பந்தய எண்ணைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். மறதிக்காரர் போல என்று நினைத்தேன். குளிரில் நாக்கு குழறுகிறதா என்று பார்த்திருக்கிறீர்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அம்புக்குறி நட்டவர்களுக்கும், ஒவ்வொரு ஆட்டுப்பட்டிக் கதவையும் பின்னால் வருபவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்ற சக ஓட்டிகளுக்கும் நன்றி. ஓர் அம்புக்குறி மட்டும் எதிர்த்திசையில் திரும்பியிருந்தது. அதை ஆட்டின் கணக்கில் எழுதிவிட்டேன்.

கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் ஸ்வீப் நண்பரே, நான்காம் நாள் 38 கி.மீ. தூரம் உங்களுக்கு வேறு துணை இல்லை, எனக்கும் இல்லை. நான் தாண்டிய அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டே வந்தீர்கள். நான் ஏற்றத்தில் இறங்கித் தள்ளும்போதெல்லாம் உங்களுக்கு மட்டும் எப்படியோ ஒரு அம்புக்குறி பிடுங்க வராமல் அடம்பிடித்தது. "இன்னும் கொஞ்சம்தான்" என்று ஒருமுறைகூட நீங்கள் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். கெடு முடிய 11 நிமிடம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினோம். கடிகாரத்தை எனக்குக் காட்டாமலே வந்தீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா, உங்கள் உலர்ந்த கையுறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன், சேற்றுக் கறை முழுதாகப் போகவில்லை. எங்கே அனுப்பட்டும்?