மூன்றாம் பருவத் தொடக்கம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டிலும் கலைத் திருவிழாவிலும் பிள்ளைகள் பரிசுகள் வாங்கி வந்தார்கள். பள்ளித் தோட்டத்தில் கேரட் நன்றாக வந்திருக்கிறது. உறைபனி விழும் மாதம், ஸ்வெட்டரும் குல்லாயும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை.

விடைத்தாள் கொடுத்த அன்று மாலை, பள்ளி வாசலில் ஒரு பையன் அழுதான். பெயரும் வகுப்பும் வேண்டாம். விரல் தெரியாத அளவுக்கு ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டு, அதிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான். "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்தார். இரவுக்குள் அது பலருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகிவிட்டது. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தவன் அழவும் இல்லை, பேசவும் இல்லை. நன்றாகத் தெரிந்த ஏழாம் வாய்ப்பாட்டில் பாதியில் நின்று, என் முகத்தையே பார்த்தான்.

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அழுகையும் ஒன்று, பெருமிதமும் ஒன்று. அழுகை பிறக்க நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அதில் இல்லை. மார்க் குறைந்ததும் அவனுக்கு வந்தது அசைவு, இருந்த நிலையிலிருந்து இறங்கிவிட்ட வருத்தம். இளிவு, அதாவது பிறர் இகழ்வதால் வரும் அவமானம், அவனிடம் இல்லை. அதைச் சிரித்துக் கொடுத்தது நாம்தான்.

அழுகையை அடக்கினால் துக்கம் போய்விடும் என்று நினைக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸும் உடன் இருந்தவர்களும் 1990-களில் சிலருக்குப் படம் போட்டு, உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் பார்க்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது, உடம்புக்குள் இறுக்கம் கூடியது. 2000-இல் வந்த அவர்களுடைய இன்னோர் ஆய்வில், அப்படி அடக்கியவர்களுக்குப் பார்த்த விவரங்களும் குறைவாகவே நினைவிருந்தன. வாய்ப்பாடு எங்கே போனது என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி வாசலிலோ வளாகத்திலோ அழும் பிள்ளையை யாரும் படம் எடுக்கக் கூடாது. மீறி எடுத்தால், யாராக இருந்தாலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வீடியோ யாரிடம் இருந்தாலும் இன்றே அழித்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பிள்ளை அழுதால் "நிறுத்து" என்பதற்கு முன், "பயமா, வெட்கமா, கோபமா?" என்று கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளே இருப்பதற்கு என்ன பெயர் என்றே பல நேரம் தெரிவதில்லை. பெயர் கிடைத்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, எடை போட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறீர்கள். அந்த அசதியில் வாய் முந்திவிடுவது எனக்குத் தெரியும். நீங்கள் இத்தனை பாடுபடுவது அவர்களுக்காகத்தான். அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

அன்று கூட்டத்தில் இருந்த பாட்டி ஒருவர் ஒன்றும் கேட்கவில்லை. அவனைப் பக்கத்தில் இழுத்து, தன் சால்வைக்குள் அவன் தலையை மூடிக்கொண்டார். அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி