பல்லடம் ரோட்டில் எங்க ஐயனைத் தூக்கிவிட்ட தம்பிக்கு

தம்பி, உங்க பேரு தெரியலைங்க. தமிழ் படிக்க வருமான்னும் தெரியலை. பனியன் கம்பெனிக்காரங்க யாராவது இதைப் பார்த்து, உங்களுக்கு இந்தியில எடுத்துச் சொல்வாங்கன்னு நம்பி எழுதறேன்.

போன வாரம் சாயங்காலம், வீரபாண்டி பிரிவு தாண்டி எங்க ஐயன் மொபெட்டோட சறுக்கி விழுந்துட்டார். வண்டிங்க ஒதுங்கி ஒதுங்கிப் போச்சு. ரெண்டு பேரு செல்போன்ல படம் புடிச்சாங்களாம். கேட்டா, கேஸாயிடுமோன்னு பயமாம். நல்லெண்ணத்தோட உதவறவங்களைக் காப்பாத்த 2019லயே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ பிரிவைச் சேர்த்தாச்சு. யாருங்க அதையெல்லாம் பார்க்கறாங்க?

நீங்க ஷிப்டுக்குப் போயிட்டிருந்தவர். கழுத்துல கிடந்த துண்டை மடிச்சு மண்டைக் காயத்துல அழுத்திப் புடிச்சீங்க. 108க்குப் பேசப் பாஷை வராம, டீக்கடை அக்கா கையில போனைக் குடுத்தீங்க. ஆம்புலன்ஸ்ல கூடவே வந்தீங்க. ரோட்டுல சிதறின சில்லறையைக்கூடப் பொறுக்கி, கர்ச்சீப்ல முடிஞ்சு ஐயன் பக்கத்துல வெச்சிருந்தீங்க. நாங்க வந்து சேர்ந்ததும் ஒரு கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிட்டீங்க. அன்னைக்குச் சம்பளம் போயிருக்கும்.

2023 மார்ச்சுல, தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு பரவின பொய் வீடியோக்களை நம்பி வெளிமாநிலத் தொழிலாளிங்க பயந்து ரயிலேறினப்ப, "போனாப் போறாங்க"ன்னவர் எங்க ஐயன். லைன் வீட்டுக் கேட்டுல "இந்திக்காரர்களுக்கு வீடு இல்லை"ன்னு எழுதினதும் அவர்தான். தையல் பிரிக்கறதுக்குள்ள, யாரும் சொல்லாமலே, அந்த வரி மேல அவரே சுண்ணாம்பு அடிச்சுட்டார்.

கடைசி வீடு காலியா இருக்குதுங்க. உங்களுக்கோ கூட்டாளிங்களுக்கோ வேணும்னா வாங்க. அட்வான்ஸை ஐயன்கிட்டதான் பேசோணும். அதுல மட்டும் அவர் மாறலைங்க.