பெட்டியில் கல்யாணம் மட்டும்தான் இருக்கிறது: நம் குடும்பக் கடிதத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம். கமிட்டி சார்பாகத் தாராவியிலிருந்து எழுதுகிறேன். கமிட்டி என்றால் ஐந்து பேர், அதில் இரண்டு பேருக்கு இன்னும் கல்லூரியே முடியவில்லை. நமக்கென்று ஒரு குடும்பக் கடிதம் அச்சடிக்கப் பணம் கேட்கத்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கம் நலம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில் "கையில் கொஞ்சம் முடை" என்று முடிப்பது நம் குடும்பத்துப் பழக்கம் என்பது, இந்த ஒரு வருடமாக 600-க்கும் மேற்பட்ட பழைய கடிதங்களைப் படித்ததில் எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது.

அந்தக் கடிதங்கள் எப்படிக் கிடைத்தன என்பது பாதிப் பேருக்குத்தான் தெரியும். 2024-ல் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியதும் எங்கள் சந்தில் எல்லாரும் பரண் ஏறினோம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே என்று சொன்னார்கள். அதனால் பழைய ரேஷன் கார்டு, லைட் பில் என்று எது கிடைத்தாலும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஆச்சியின் தகரப் பெட்டியைத் திறந்தால் லைட் பில் நாலுதான் இருந்தது, மீதி எல்லாம் கடிதம். நீல நிற இன்லேண்டுகள், மூலையில் மஞ்சள் தடவிய கார்டுகள், மணியார்டர் துண்டுச் சீட்டுகள், அப்புறம் சவூதியிலிருந்து சித்தப்பா பேசி அனுப்பிய 14 கேசட்டுகள். (லைட் பில் நாலும் பயன்பட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இதே மாதிரி இன்னொரு பெட்டியும் இருந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதே, அன்று எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது கடிதங்கள் அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தன, மை எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. பரணில் இருந்த பெட்டி தப்பித்தது, அவ்வளவுதான். இனி எல்லாரும் வீடு மாறப்போகிறோம். ஒரே சந்தில் இருக்கிற நம் ஒன்பது வீடும் எங்கெங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. டோம்பிவிலி, அம்பர்நாத், வாஷி என்று ஏற்கெனவே சிதறியிருக்கிறோம், அதில் இது வேறு.

"அதுதான் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே" என்று பல பேர் கேட்டீர்கள். இருக்கிறது, 143 பேர் இருக்கிறோம். காலையில் ரோஜாப்பூ வருகிறது, மூட்டுவலிக்கு மருந்து வருகிறது, அரசியல் சண்டை வருகிறது. போன சித்திரையில் ஊரில் பெரியப்பா தவறிய செய்தி ஒரு கோயில் படத்துக்கும் ஒரு மூட்டுவலி மருந்துக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டது, மூன்று பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, படிக்காமலே விரல் போய்விடுகிறது. ஆனால் பெரியப்பா யார், ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கிணறு யார் தோண்டியது, எங்கள் அப்பாவுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது யார் என்று எழுதினால் அது மறுநாளே மேலே போய்விடும், போன் மாறினால் அதுவும் இல்லை. குரூப்பை மூடச் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு.

நாங்கள் செய்ய நினைப்பது ஒரு குடும்பக் கடிதம். அச்சடித்த 32 பக்கம், பொங்கல், சித்திரை, ஆடி, தீபாவளி என்று வருடத்துக்கு நான்கு தடவை. பிறப்பு, கல்யாணம், வேலை, பரீட்சை, வீடு மாறியது எல்லாம் ஊர் வாரியாக இருக்கும். பெட்டியிலிருந்து ஒரு பழைய கடிதம் அப்படியே, எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் வரும். பெரியவர் ஒருவர் சொல்லிக் கேட்டு எழுதிய கதை ஒன்று. கடைசியில் "அது அப்படி இல்லை" என்று ஒரு பக்கம், போன இதழில் வந்ததை மறுத்து யார் என்ன சொன்னாலும் அதில் போடுவோம். அந்தப் பக்கம் நிரம்பி வழியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன பொங்கலுக்குச் சோதனைக்காக 16 பக்கத்தில் 60 பிரதி ஜெராக்ஸ் போட்டோமே, 90 அடி சாலையில் பொங்கல் வைத்த இடத்திலேயே கையில் கொடுத்தோம், ஞாபகம் இருக்கும். அதில் ஒரு பெரிய தப்பு நடந்தது. அம்பர்நாத் தாத்தா பெயருக்கு முன்னால் "அமரர்" என்று போட்டுவிட்டோம். முழுக்க என் தப்பு, அவர் அண்ணன் பெயருக்குப் போட வேண்டியது. மறுநாள் காலையில் போன். "ஏட்டி, நான் என்னைக்குச் செத்தேன்? எனக்கே தெரியாதே! போன வாரம்கூட ரேஷன் வாங்கிட்டு வந்தேனே" என்றார். மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். திட்டுவார் என்று நினைத்துப் போனால் காப்பி கொடுத்து உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினார், அதிலும் யாரும் இதுவரை என்னிடம் சொல்லாத ஒரு கதையை.

நம் கொள்ளுத்தாத்தா பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்தார் என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்? அப்படி இல்லையாம். 1948-ல் ஓடி வந்தது அவருடைய அண்ணன். வீட்டில் ஏதோ சண்டை, கிடாய் விற்ற காசு பற்றியது. அண்ணனைத் தேடிக் கூட்டிக்கொண்டு வா என்று முப்பது ரூபாய் கொடுத்துத் தம்பியை அனுப்பியிருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரலுக்கு நடை, அப்புறம் பம்பாய் ரயில். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் அண்ணனைக் கண்டுபிடித்துவிட்டார். அண்ணன் சொன்னாராம், "வந்தது வந்துட்ட, ஒரு மாசச் சம்பளம் வாங்கிட்டுச் சேந்து போவோம்." மாசம் முடிந்தது. அண்ணன் ரயிலேறி ஊருக்குப் போய் விவசாயம் பார்த்தார், கூட்டிப் போக வந்த தம்பி இங்கேயே தங்கிவிட்டார். அந்தத் தம்பியின் பிள்ளைகள்தான் பம்பாய்க்காரர்களான நாம். இதை ஊரில் போனில் சொன்னால் அங்கே உள்ள பெரியம்மை ஒரேயடியாக மறுக்கிறார், ஓடிப்போனதே தம்பிதான், அண்ணன்தான் தேடிப் போனார் என்கிறார். அம்பர்நாத் தாத்தாவுக்கு அப்போது 14 வயசு, இப்போது 90 தாண்டிவிட்டது. பெரியம்மைக்கும் 80-க்கு மேல். இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும், யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல அல்ல, இரண்டும் நமக்கு வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெட்டியில் எல்லாருடைய கல்யாணமும் இருக்கிறது, ஒருவருடைய சாவுகூட இல்லை. சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்த உடனே கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது வழக்கம். தந்தி வந்தாலும் அப்படித்தான். அதனால் முந்தின தலைமுறையில் பல பேர் எந்த வருடம் இறந்தார்கள் என்பதற்கு நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. "இந்திராகாந்தி சுட்டுக்கொல்லப்பட்ட வருஷம் ஆவணியில்" என்பது போலப் பெரியவர்கள் சொல்வதுதான் ஆதாரம், அதைச் சொல்ல இப்போது நாலைந்து பேர்தான் மிச்சம்.

எல்லாக் கடிதத்தையும் அச்சிடப் போவதில்லை. மூன்றில் ஒரு பங்கு கடன் பற்றியது, சிலது குடும்பச் சண்டை. அவற்றை எழுதியவரின் பிள்ளைகள் சம்மதித்தால் ஒழிய வெளியே வராது. ஆனால் 1982 பிப்ரவரியில் தாத்தா ஊருக்கு எழுதிய ஒன்று முதல் இதழில் வருகிறது, அதற்குச் சம்மதம் வாங்கியாயிற்று. ஜனவரி 18-ம் தேதி பம்பாய்த் துணி மில்களில் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது, இரண்டரை லட்சம் பேர் வெளியே நின்றார்கள். "இன்னும் இரண்டு வாரத்தில் மில் திறந்துவிடும், அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். அவருடைய மில் அப்புறம் திறக்கவே இல்லை. ஆச்சி இட்லி வியாபாரம் தொடங்கியது ஏன் என்று எனக்கு அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது.

பிள்ளைகள் தமிழ் படிப்பார்களா என்ற கேள்வியும் வந்தது. நியாயமான கேள்வி. எங்கள் காலத்தில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி இருந்தது, ஏழாவது வரை அங்கே படித்தோம். இப்போது உள்ளவர்கள் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள், எழுத்தைக் காட்டினால் விழிக்கிறார்கள். இந்தி எழுத்தில் தமிழை எழுதி இரண்டு பக்கம் போடலாம் என்று சின்னவர்கள் கேட்டபோது நான்தான் முதலில் எதிர்த்தேன். அப்புறம் அண்ணன் மகன் அப்படி எழுதிய ஒரு கடிதத்தை அவன் ஆச்சிக்கு அச்சுப் பிசகாமல் வாசித்துக் காட்டினான், வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பக்கம் உண்டு. ஒவ்வொரு இதழையும் வாசித்து ஒலிப்பதிவாகவும் குரூப்பில் போடுவோம்.

சரி, பணத்துக்கு வருவோம். 140 பிரதி, பிரதிக்கு 70 ரூபாய், நான்கு இதழுக்கு 39,200. பக்கத்து வீடுகளுக்குக் கையில் கொடுத்துவிடுவோம், தபாலில் போக வேண்டியவை இதழுக்கு 90, ஒன்றுக்கு 30 ரூபாய் வீதம் 10,800. கேசட் பிளேயர் ரிப்பேர், கடிதங்களையும் பேச்சையும் சேர்த்து வைக்க இரண்டு ஹார்டு டிஸ்க் (இரண்டும் இரண்டு வீட்டில், இரண்டும் கட்டிலுக்கு அடியில் இல்லை), எல்லாம் சேர்த்து 9,000. தட்டச்சு செய்யும் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வருடத்துக்கு 12,000, இது கமிட்டியில் வாக்குவாதம் ஆனது, சொந்தத்துக்குச் செய்ய எதற்குக் காசு என்றார்கள், சொந்தம் என்றால் சும்மா வேலை வாங்கலாம் என்று அர்த்தமா என்று நான் கேட்டேன். இரண்டு பேர் ஊருக்குப் போய் இரண்டு வாரம் தங்கிப் பெரியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்து வர 14,000, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் சாதா ஸ்லீப்பர்தான். ஆக மொத்தம் 85,000. கையில் 21,500 இருக்கிறது. இன்னும் 63,500 வேண்டும்.

ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுகிற மாதிரி வீடுகளை எண்ணிப் பார்த்தோம், 127 வந்தது. வீட்டுக்கு 500 என்றால் கணக்கு முடிகிறது. இது வரி இல்லை, முடியாதவர்கள் 50 கொடுத்தாலும் போதும், கொடுக்காவிட்டாலும் இதழ் வரும். முடிந்தவர்கள் ஒரு வீட்டுக்குச் சேர்த்துக் கொடுங்கள். கட்டிக்கொடுத்த பெண்களின் வீடுகளையும் தலைக்கட்டாகத்தான் எண்ணியிருக்கிறோம், கொடைக்கு அப்படி எண்ணுவதில்லை என்று இரண்டு பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். பெட்டியில் இருக்கிற கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தப் பெண்கள் எழுதியதுதான், அவர்களை எப்படி விட முடியும்? மொய் நோட்டு மாதிரி தொகை வாரியாகப் பெயர் போட மாட்டோம். பெயர் மட்டும் அகர வரிசையில் வரும், வரவு செலவு கணக்கு பைசா சுத்தமாக ஒவ்வொரு இதழிலும் வரும்.

அது ஏன் என்றால், 2017-ல் குடும்ப ஆல்பம் போடுகிறோம் என்று வசூலித்த பணம் என்ன ஆயிற்று என்று செம்பூர் அத்தை இன்னும் கேட்கிறார், கேட்பதில் தப்பில்லை. ஸ்கேன் பண்ணக் கொடுத்த இடத்தில் நம் போட்டோ 11-ஐத் தொலைத்துவிட்டார்கள், ஆல்பம் நின்றுபோனது, மீதிப் பணம் யாரையும் கேட்காமல் கொடைக்குப் பந்தல் போடப் போய்விட்டது. யாரும் பையில் போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் யாரும் சொல்லவும் இல்லை. இந்தத் தடவை எந்தக் கடிதமும் எந்தப் போட்டோவும் வீட்டை விட்டு வெளியே போகாது, நாங்களே வீட்டில் வைத்துப் படம் எடுக்கிறோம்.

பணத்தைப் பொருளாளரான செம்பூர் அத்தையிடமே கொடுக்கலாம், ஆமாம், கேள்வி கேட்டவரையே பொருளாளர் ஆக்கிவிட்டோம். ஊரில் இருப்பவர்கள் பெரியம்மை வீட்டில் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஜிபே எண் குரூப்பில் மேலே பின் செய்திருக்கிறது. தீபாவளிக்குள் வந்துவிட்டால் பொங்கலுக்கு முதல் இதழ்.

இன்னொன்று. சித்தப்பா கேசட்டுகளில் மூன்றைத்தான் கேட்க முடிந்தது, நாலாவதில் எங்கள் பிளேயர் நாடாவைச் சுற்றி இழுத்துவிட்டது. அதோடு நிறுத்திவிட்டோம். பழைய டேப்ரெக்கார்டர் யார் வீட்டிலாவது ஓடுகிற நிலையில் இருந்தால் 500 ரூபாய்க்குப் பதில் அதைக் கொடுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்கிறோம்.