மிசரியோர் முன்மொழிவு: அனுப்புமுன் திருத்த வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம். மிசரியோருக்கு அனுப்பவிருக்கும் பொதுக்கிணறு, நல்லிணக்கத் திட்ட வரைவை வாசித்தோம்.

முதலில் ஒன்று. மிசரியோர் 1958இல் ஜெர்மன் ஆயர்கள் தொடங்கிய கத்தோலிக்க உதவி நிறுவனம். தானே களத்தில் இறங்காது, உள்ளூர்ப் பங்காளி அமைப்பிடம்தான் பணத்தைத் தரும். தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு காணிக்கையோடு ஜெர்மன் அரசின் அபிவிருத்தி நிதியும் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே சிட்டை தவறினால் பதில் சொல்வது நாங்கள்தான்.

"இரு சமூகங்களும் ஒற்றுமையாகும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதை எப்படி அளப்பது? கிணறு யாருடைய காணியில் அமைகிறது, மோட்டர் அறைத் திறப்பு யார் கையில், மின்கட்டணம் யார் கட்டுவது, இவற்றை எழுதுங்கள். திறப்பு ஒரு தரப்பிடம் மட்டும் இருந்தால், கோடையில் தண்ணீர் குறையும் நாளில் சண்டை அங்கேதான் தொடங்கும். தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிலும் இருந்து பெண்கள் உள்ள பராமரிப்புக் குழு, இரண்டு திறப்புகள், சுவரில் எழுதிய நேர அட்டவணை: இவ்வளவு போதும். பயனாளிகள் பட்டியலைத் தேவாலயத்தில் மட்டும் ஒட்டாதீர்கள், பள்ளிவாசலிலும் கிராம அலுவலர் அலுவலகத்திலும் ஒட்டுங்கள்.

வரவுசெலவில் யூரோவை எந்தத் தேதி மாற்று விகிதத்தில் கணித்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். தவணை வரும்போது விகிதம் மாறியிருக்கும், குழாய் விலையும் ஏறியிருக்கும். குழாய்க்கும் சீமெந்துக்கும் மூன்று விலைமனுக்கள் வேண்டும். மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்தால் கணக்காய்வாளர் உடனே பிடித்துவிடுவார். வெப்பத்தாள் பற்றுச்சீட்டுகள் சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றைக்கே பிரதி எடுத்து மூலத்தோடு குத்தி வையுங்கள்.

திருத்திய வரைவை வியாழன் மாலைக்குள் இங்கே போடவும்.